ரயில் இருக்கு, தண்டவாளம் இருக்கு... ஓட்ட ஆள் எங்கே? ஞாயிற்றுக்கிழமை ரத்துகள் சொல்லும் கணக்கு

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போகத் திட்டமிடுபவர்கள், காலையில் எழுந்ததும் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. மொபைலை எடுத்து, 'நம்ம ரயில் இன்னிக்கு ஓடுதா?' என்று பார்ப்பது. பல ஞாயிறுகளில் பதில்: ரத்து. காரணம் என்ற இடத்தில் பனிப்புயல், சிக்னல் கோளாறு, விபத்து எதுவும் இருக்காது. 'ரயில் ஊழியர் பற்றாக்குறை' என்று ஒரே வரி இருக்கும்.

உலகத்துக்கே ரயிலை அறிமுகப்படுத்திய நாடு அது. பெட்டிகள் ஷெட்டில் தயாராக நிற்கின்றன. தண்டவாளம் காலியாக இருக்கிறது. பயணிகள் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறார்கள். ஓட்ட மட்டும் ஆள் இல்லை. எப்படி?

'அன்னிக்கு யாரோ லீவு போட்டுட்டாங்க' என்பது மேலோட்டமான பதில். உண்மையில் அந்த ரயில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தாகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, 'இருக்கிற ஆளை வைத்தே ஓட்டிக்கலாம்' என்று ஒரு மீட்டிங்கில் முடிவெடுத்தபோதே ரத்தாகிவிட்டது. பயணிக்குத் தகவல்தான் தாமதமாக வந்திருக்கிறது.

ஞாயிறு மட்டும் ஏன் இப்படி?

பிரிட்டனில் பல ரயில் நிறுவனங்களில் டிரைவர்களின் ஒப்பந்த வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி நேரம். பெரும்பாலும் நான்கு நாள் வேலை. இதில் பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணக்குக்குள் வராது. ஞாயிறு வேலைக்கு வருவது ஓவர்டைம். சில இடங்களில் அது முழுக்க முழுக்க ஊழியரின் விருப்பம்.

வட இங்கிலாந்தில் ரயில் ஓட்டும் நார்தர்ன் நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். அந்த நிறுவனத்தின் கிழக்குப் பகுதியில் கண்டக்டர்களுக்கு ஞாயிறு, வழக்கமான வேலை வாரத்தின் ஒரு பகுதி. மேற்குப் பகுதியில் இல்லை. ஒரே நிறுவனம், ஒரே சீருடை, ஆனால் இரண்டு ஒப்பந்தங்கள். பழைய பிரிட்டிஷ் ரயில் காலத்தில் இருந்து வந்த ஏற்பாடு இது. அதனால்தான் மான்செஸ்டர், லிவர்பூல் பக்கம் ஞாயிறு ரத்துகள் அதிகம்.

ஞாயிறு ரயில் என்றால் கோயிலுக்கும் கடற்கரைக்கும் போகிறவர்கள் மட்டும் ஏறிய காலத்தில் இது பெரிய பிரச்சினையாக இல்லை. இன்று ஞாயிறு என்பது கடைகள் திறந்திருக்கும் நாள், ஃபுட்பால் மேட்ச் நாள், வார இறுதிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பும் நாள், மருத்துவமனை நர்ஸ் ஷிஃப்டுக்குப் போகும் நாள். பயணிகளின் வாரம் ஏழு நாள் ஆகிவிட்டது. ஒப்பந்தம் ஆறு நாளிலேயே நிற்கிறது. நடுவில் இருக்கும் ஒரு நாளை ஓவர்டைம் தாங்கிப் பிடிக்கிறது.

ஓவர்டைம் ஏன் இவ்வளவு 'இனிக்குது'?

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். ஒரு டிப்போவில் எல்லா ரயிலையும் ஓட்ட 100 டிரைவர் தேவை என்று வைத்துக்கொள்வோம். 90 பேர் இருக்கிறார்கள். மீதி 10 பேர் வேலையை, அந்த 90 பேரில் சிலர் தங்கள் ஓய்வு நாளில் வந்து பார்க்கிறார்கள்.

நிறுவனத்துக்கு இதில் லாபம். புது ஆளுக்குப் பயிற்சிச் செலவு இல்லை, பென்ஷன் இல்லை, கூடுதல் விடுப்பு இல்லை. ஊழியருக்கும் கையில் கொஞ்சம் அதிகமாகக் காசு. வீட்டுக் கடன் இருப்பவர் சந்தோஷமாகவே வருவார். அட்டவணை ஓடுகிறது, ரயிலும் ஓடுகிறது. எல்லாருக்கும் நல்லதுதானே?

நல்லதுதான், 90 பேரும் எப்போதும் வரத் தயாராக இருக்கும் வரை. ஒரு ஃப்ளூ சீசன், ஒரு பள்ளி விடுமுறை, ஒரு சம்பளத் தகராறு வந்தால் போதும். அந்த 10 பேர் வேலையைப் பார்க்க யாரும் இல்லை. அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. சட்டத்தை மீறவில்லை. ஓய்வு நாளில் வீட்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் தங்கள் லீவு நாளில் லீவு எடுத்தாலே நிறுவனம் படுத்துவிடும் என்றால், கோளாறு ஊழியரிடம் இல்லை.

2022 ஆகஸ்ட்: ஒரே வாரத்தில் உடைந்த கணக்கு

இது எப்படி உடையும் என்பதை லண்டன் – மான்செஸ்டர் பாதை 2022 ஆகஸ்டில் காட்டியது. அந்தப் பாதையில் ஓடும் அவந்தி வெஸ்ட் கோஸ்ட் நிறுவனம், மணிக்கு மூன்று என்று இருந்த ரயில்களை மணிக்கு ஒன்றாகக் குறைத்தது. டிக்கெட் விற்பனையையும் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. நாட்டின் இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே இந்த நிலை.

டிரைவர்கள் ஓய்வு நாளில் வந்து ஓட்டுவது திடீரென்று நின்றதுதான் காரணம். 'இது அறிவிக்கப்படாத வேலைநிறுத்தம்' என்றது நிறுவனம். டிரைவர்களின் தொழிற்சங்கமான அஸ்லெஃப் அதை மறுத்தது. 'போதுமான ஆளை வேலைக்கு எடுக்காதது யார் தவறு?' என்பது அவர்கள் பக்கக் கேள்வி. யார் சொல்வது சரி என்ற விவாதம் நீண்டது. ஆனால் ஒரு விஷயத்தை இரண்டு தரப்புமே மறுக்கவில்லை: ஓவர்டைம் இல்லாமல் அந்த அட்டவணையை ஓட்ட முடியாது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு பிரிட்டனின் பெரும்பாலான ரயில் ஒப்பந்தங்களில் டிக்கெட் வருமானம் அரசுக்குப் போகும். செலவையும் அரசே ஏற்கும். நிறுவனத்துக்கு நிர்வாகக் கட்டணம் வரும். ஒரு ரயில் ரத்தானால் அதன் டிக்கெட் நஷ்டம் நேரடியாக நிறுவனத்தின் பாக்கெட்டைக் கடிக்காது. ஆள் எடுக்கும் செலவுக்கோ அரசின் தலையசைப்பு வேண்டும். பொறுப்பு இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரவு 10 மணி வித்தை

ரத்தாவதை விட எரிச்சலான விஷயம், ரத்தானது கணக்கிலேயே வராமல் போவது.

டிரான்ஸ்பெனைன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தில் ஓய்வு நாள் வேலைக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில் முடிந்துபோனது. புதிய ஒப்பந்தம் உருவாகவில்லை. அடுத்த ஒன்றரை ஆண்டு லீட்ஸ், மான்செஸ்டர், ஹடர்ஸ்ஃபீல்ட் பயணிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அதிகாரபூர்வ ரத்து எண்ணிக்கையைப் பார்த்தால், பயணிகள் அனுபவித்த அளவுக்கு மோசமாகத் தெரியாது.

ஏன் என்றால் ஒரு விதி. முந்தைய நாள் இரவு 10 மணிக்குள் ஒரு ரயிலை அட்டவணையில் இருந்து எடுத்துவிட்டால், அது வழக்கமான ரத்துக் கணக்கில் சேராது. வெள்ளம், தண்டவாளச் சேதம் போன்ற சூழலில் திருத்திய அட்டவணை போடுவதற்காக இருந்த வசதி இது. ஆள் பற்றாக்குறைக்கு அது போர்வையாகிவிட்டது. பயணியின் ரயில் ஓடவில்லை. புள்ளிவிவரத்தில் அப்படி ஒரு ரயிலே இல்லை. விமர்சனம் கிளம்பிய பிறகுதான், ரயில் ஒழுங்குமுறை அமைப்பு இந்த முன்கூட்டிய ரத்துகளையும் வெளியே கொண்டுவந்தது.

2023 மே மாதம் அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று பிரிட்டன் அரசு அறிவித்தது. மே 28 அன்று ரயில் சேவை அரசின் கைக்கு வந்தது. உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் புதிய நிர்வாகம் அட்டவணையைக் குறைத்தது. தேங்கிக் கிடந்த டிரைவர் பயிற்சியை முடிக்க நேரம் வேண்டும் என்றது. பார்க்க பின்வாங்கல் மாதிரி தெரிந்தாலும், நேர்மையான முடிவு அதுதான். காகிதத்தில் நிறைய ரயில், நேரில் பாதி ரயில் என்பதை விட, காகிதத்தில் எத்தனையோ அத்தனையும் நேரில் வருவது மேல்.

'தனியார் கையில் இருப்பதால்தான் பிரச்சினை' என்று சொல்பவர்களுக்கும் ஒரு தகவல். நார்தர்ன் 2020 மார்ச்சில் இருந்தே அரசின் கையில்தான் இருக்கிறது. ஞாயிறு ரத்துகளும் கூடவே இருந்தன. ரயில் குழுக்களுக்குத் தகவல் அனுப்ப இன்னும் ஃபேக்ஸ் மெஷின் பயன்படுத்துகிறோம் என்று அந்த நிறுவனமே 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. உரிமையாளர் மாறினால் போதாது, ஒப்பந்தமும் வேலை முறையும் மாற வேண்டும்.

டிரைவர் மட்டும்தானா?

ஆள் பற்றாக்குறை என்றதும் எல்லாரும் டிரைவரைத்தான் நினைக்கிறார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரம் வேறு பாடம் சொன்னது. 2013 ஆகஸ்டில் அங்கே டிரைவர் இருந்தார், ரயில் இருந்தது. சிக்னல் கட்டுப்பாட்டு அறையில் ஆள் இல்லை. சிலர் கோடை விடுமுறை, சிலருக்கு உடம்பு சரியில்லை. ஒரு மாநிலத் தலைநகரின் முக்கிய ஸ்டேஷனில் வாரக்கணக்கில் ரயில்கள் ரத்தாயின, பல நீண்ட தூர ரயில்கள் வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன. ஒரு அறையில் உட்காரும் சிலர் இல்லாததால் வந்த நிலை அது. பக்கத்து ஸ்டேஷன் ஊழியரை அழைத்து உட்கார வைக்கவும் முடியாது. ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறைக்கும் தனிப் பயிற்சி தேவை.

இலங்கையில் நடந்தது இன்னும் நேரடியானது. பொருளாதார நெருக்கடியின்போது அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டது. 2022 டிசம்பர் 31 அன்று பெரும் எண்ணிக்கையில் ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். ரயில்வேயும் தப்பவில்லை. 2023 ஜனவரி தொடங்கியதுமே ரயில்கள் ரத்தாகத் தொடங்கின. யார், எந்தத் தேதியில் ஓய்வு பெறுவார் என்பது சர்வீஸ் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். ரயில்வேயில் இதைவிட எளிதாகக் கணிக்கக்கூடிய 'அதிர்ச்சி' வேறு எதுவும் இருக்க முடியாது.

சரி, ஆளை எடுத்துட வேண்டியதுதானே?

எடுக்கலாம். ஆனால் நாளைக்கே ஓட்ட மாட்டார்கள். பிரிட்டனில் ஒரு புது டிரைவர் தனியாக ரயிலை எடுக்க ஒரு ஆண்டில் இருந்து ஒன்றரை ஆண்டு ஆகும். விதிகள் படிக்க வேண்டும், எஞ்சின் வகை கற்க வேண்டும். அதோடு 'வழி அறிவு' வேண்டும்: எந்த வளைவில் வேகத்தைக் குறைப்பது, எந்த சிக்னல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், மழையில் எந்தச் சரிவில் சக்கரம் வழுக்கும் என்பதெல்லாம் பாதை பாதையாகத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத டிரைவருக்கு அந்தப் பாதையில் அனுமதி கிடையாது.

கொரோனா காலத்தில் டிரைவர் கேபினில் இரண்டு பேர் நெருங்கி உட்கார முடியாது என்று பயிற்சியே நின்றுபோனது. ஓய்வு பெறுவது மட்டும் நிற்கவில்லை. அப்போது விழுந்த ஓட்டைதான் 2022இல் ரத்தாக வெளியே வந்தது. டிரைவர் ஆகும் குறைந்தபட்ச வயதை 20இல் இருந்து 18 ஆகக் குறைப்பதாக பிரிட்டன் அரசு 2025இல் அறிவித்ததும் இந்தப் பின்னணியில்தான்.

தொழிற்சங்கம் பிடிவாதம் பிடிக்குதா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. நான்கு நாள் வேலை, நல்ல சம்பளம், ஞாயிறு விருப்பம் என்றால், ஐடி கம்பெனியில் சனிக்கிழமை நைட் ரிலீஸ் கால் எடுப்பவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும். சங்கங்களுக்கும் இதில் கணக்கு உண்டு. ஓவர்டைம் இருக்கும் வரை பேரம் பேசும் பலம் அவர்கள் கையில். புதிய ஆள் நிறைய வந்தால் பழைய ஊழியரின் ஓவர்டைம் வருமானம் குறையும்.

ஆனால் அந்தப் பலத்தை அவர்கள் கையில் கொடுத்தது யார்? ஒப்பந்த நேரத்துக்குள் முடியாத வேலையை அட்டவணையில் போட்டவர்கள்தான். ஞாயிறு வேண்டும் என்றால் ஞாயிறை விலை கொடுத்து ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆள் கூடும், செலவும் கூடும். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, 'ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை' என்று சொல்வது பாதி உண்மை.

நம்ம ஊரில் ஏன் இப்படி ரத்தாவதில்லை?

இப்போது முக்கியமான கேள்வி. இந்தியாவில் ரயில் ரத்து என்றால் பராமரிப்புப் பணி, மழை, பனிமூட்டம் என்றுதான் அறிவிப்பு வரும். 'லோகோ பைலட் இல்லாததால் இன்று பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஓடாது' என்று யாரும் கேள்விப்பட்டது இல்லை. அப்படியானால் இங்கே ஆள் பற்றாக்குறை இல்லையா?

இருக்கிறது. ரயில்வேயின் சொந்த எண்ணே சாட்சி. 2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் பணிக்கு 5,696 இடங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஜூன் மாதம் அதே அறிவிப்பில் இடங்கள் 18,799 ஆக உயர்ந்தன. மூன்று மடங்குக்கும் மேல். இடைப்பட்ட அந்த ஜூனில்தான் மேற்கு வங்கத்தில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. 2025இல் இன்னொரு அறிவிப்பு, 9,970 இடங்கள்.

அறிவிப்பு வேறு, ஆள் வேறு. 18,799 இடங்களுக்கான முதல் கட்டத் தேர்வு 2024 நவம்பரில்தான் நடந்தது. 2025 மார்ச்சில் வைத்த இரண்டாம் கட்டத் தேர்வுக்குத் தமிழகத் தேர்வர்கள் பலருக்குத் தெலங்கானாவில் மையம் ஒதுக்கப்பட்டு சர்ச்சையானது. அந்தத் தேர்விலும் ஒரு பகுதி தள்ளிப்போய் மே மாதம் நடந்தது. அதன் பிறகு திறனறிவுத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி. வேலைக்கு விண்ணப்பித்த இளைஞர் எஞ்சினில் ஏறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

அதுவரை ரயிலை ஓட்டுவது யார்? இருப்பவர்கள்தான். பிரிட்டனில் 35 மணி நேர வாரம் என்றால், இங்கே ரன்னிங் ஸ்டாஃபுக்கு இரண்டு வாரத்துக்கு 104 மணி நேரம். அதாவது வாரம் 52. விதிப்படி மாதத்தில் 30 மணி நேர ஓய்வு நான்கு முறை, அல்லது 22 மணி நேர ஓய்வு ஐந்து முறை. ஒவ்வொரு டிரிப்புக்குப் பிறகும் கிடைக்கும் 16 மணி நேர ஓய்வை இதற்குள்ளேயே கழித்துவிடாமல் தனியாகத் தர வேண்டும், மொத்தம் 46 மணி நேரம் வேண்டும் என்பது லோகோ பைலட்டுகளின் நீண்ட நாள் கோரிக்கை. தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் நைட் டியூட்டி கூடாது என்பது இன்னொன்று.

2024 ஜூன் 1 முதல் தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகளில் ஒரு பிரிவினர் இந்த ஓய்வைத் தாங்களாகவே எடுத்துப் போராடினார்கள். ரயிலை நிறுத்தவில்லை, தூங்கிவிட்டு வருகிறோம் என்றார்கள். பலர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது.

ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அப்போது, லோகோ பைலட்டுகளின் சராசரி வேலை நேரம் 8 மணி நேரத்துக்கும் குறைவு, ஓய்வறைகளில் ஏசி வசதி செய்யப்பட்டிருக்கிறது என்று விளக்கம் அளித்தார். ஓய்வறை மேம்பட்டிருப்பது நல்ல விஷயம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சராசரி என்பது ஆபத்தான ஆறுதல். ஆற்றின் சராசரி ஆழம் மூன்று அடி என்றாலும் நடுவில் ஆள் மூழ்கலாம். தொடர்ந்து மூன்றாவது இரவு விழித்திருக்கும் ஒருவர், மாதச் சராசரியில் தெரிய மாட்டார்.

பற்றாக்குறை எங்கே இருந்தாலும் அதன் பில்லை யாரோ ஒருவர் கட்டியே ஆக வேண்டும். பிரிட்டனில் பயணி கட்டுகிறார், ரத்தான ரயிலாக. இங்கே லோகோ பைலட் கட்டுகிறார், ரத்தான தூக்கமாக. முதல் பில் பிளாட்பாரத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது யாருக்கும் தெரியாது. ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு இரவில் ஓடும் ரயிலில், ஆபத்தானது இரண்டாவதுதான்.

விமானத்தில் பார்த்தது நினைவிருக்கா?

2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, சென்னை உட்பட நாடு முழுவதும் விமான நிலையங்கள் திணறின. பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணி நேரத்தில் இருந்து 48 ஆக உயர்த்திய, இரவு வேலையைக் கட்டுப்படுத்திய புதிய விதிகளுக்கு ஏற்ப நிறுவனம் தயாராகவில்லை. விதி வரப்போவது முன்பே தெரியும். ரத்து வந்ததும் நடந்தது என்ன? விதியின் சில பகுதிகளில் இருந்து நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கிடைத்தது.

ரயில்வேக்கும் இதில் எச்சரிக்கை இருக்கிறது. நாளைக்கே லோகோ பைலட்டுகளுக்கு 46 மணி நேர ஓய்வு என்று உத்தரவு போட்டால், ஆள் இல்லாமல் ரயில்கள் ரத்தாகும். அப்போது பயணிகளின் கோபம் ஓய்வு விதி மேல் திரும்பும், விதி தளரும். அதனால் ஆள் முதலில், அல்லது ஆளோடு சேர்த்தே ஓய்வு. அதற்கான தேதியை இப்போதே அறிவித்து, அதை நோக்கி ஆள் எடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய கமிஷன் எதுவும் வேண்டாம். மூன்று விஷயம் போதும்.

ஒன்று, கால அட்டவணையை ஒப்பந்த வேலை நேரத்தை மட்டும் வைத்துப் போட வேண்டும். ஓவர்டைம் அவசரத்துக்கான ஸ்டெப்னி டயர். ஸ்டெப்னியிலேயே தினமும் ஊர் சுற்றக் கூடாது.

இரண்டு, ஓய்வு பெறும் தேதிகளை வைத்து இரண்டு ஆண்டு முன்கூட்டியே ஆள் எடுக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு மூன்று மடங்கு ஆவது திட்டமிடல் ஆகாது.

மூன்று, எண்களை வெளியே வைக்க வேண்டும். பிரிட்டனில் மறைந்திருந்த ரத்துகள் வெளியே வந்த பிறகுதான் அழுத்தம் கூடியது. இங்கே கோட்டம் வாரியாக எத்தனை லோகோ பைலட் இடம் காலி, எத்தனை பேருக்கு விதிப்படி ஓய்வு கிடைத்தது என்று மாதா மாதம் வெளியிடலாம். ரயில் எத்தனை நிமிடம் லேட் என்பதை மொபைலில் காட்டும் ரயில்வேக்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை.

அடுத்த முறை புது ரயில் ஒன்றுக்குப் பச்சைக்கொடி காட்டும் படம் டைம்லைனில் வரும்போது வேகம், நிறம், சீட் வசதி பற்றி நிறைய பேர் பேசுவார்கள். கமென்ட்டில் ஒருவராவது கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த ரயிலுக்குப் புதிதாக எத்தனை லோகோ பைலட்டை வேலைக்கு எடுத்தீர்கள்?